கல்லூரி இடம் எப்படி முடிவாகிறது? சேலம், ஏற்காடு பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்து அஸ்தம்பட்டியிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணை என் வசம் இருப்பதில்லை. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை என்பதாலும், அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களும், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிவரும் காப்பித் தோட்டக் குடும்பத்தாரும் கையில் நெகிழி உறையோடு வந்து உட்காருகிறார்கள். முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அவங்க எப்படிங்க சார் முடிவு பண்றாங்க?” அந்த ‘அவங்க’ என்று யாரும் இல்லை என்பதைப் புரியவைப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. மீதிப் பொழுதில் சொல்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடத்தை முடிவு செய்பவர் யார்? கல்லூரி முதல்வரா, அரசாங்கமா?

படிப்பைப் பொறுத்து மாறும். பொறியியலுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசைப் பட்டியல். அந்த வரிசைப்படி இடங்களை ஒதுக்குவதுதான் கலந்தாய்வு. முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவந்த இந்தக் கலந்தாய்வை 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கருப்பூரிலுள்ள அரசு பொறியியல் கல்லூரியின் முதல்வரேயானாலும், தம் கல்லூரியின் கலந்தாய்வு இடம் ஒன்றைத் தாமாக ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. மருத்துவ இடங்களை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் மட்டும் ஒரே இணையதளத்தில். தரவரிசையும் கலந்தாய்வும் அந்தந்தக் கல்லூரியில். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கலைக் கல்லூரிகளுக்கும் நேராகக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. ஒன்றுக்குப் போட்டது இன்னொன்றுக்குச் செல்லாது.

என் மகனும் அவன் நண்பனும் மூன்று பாடத்திலும் சேர்த்து ஒரே மதிப்பெண். கட்-ஆஃப் மட்டும் ஏன் வேறு?

பொறியியலில் கணிதத்தின் எடை, மற்ற இரண்டின் எடையைப்போல் இரு மடங்கு. கணிதம் 100க்கும், இயற்பியல் 50க்கும், வேதியியல் 50க்குமாகக் குறைக்கப்பட்டு, மொத்தம் 200க்குக் கணக்கிடப்படுகிறது. இந்த எண்ணைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். ஒருவன் கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 78 வாங்கியிருந்தால் அவன் கட்-ஆஃப் 92, 43, 39 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 174. இன்னொருவன் முறையே 80, 88, 88 வாங்கியிருந்தால் 80, 44, 44 சேர்ந்து 168. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை இருவருக்கும் 256தான். ஆனால் நடுவே 6 மதிப்பெண் இடைவெளி விழுந்துவிட்டது. தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தமிழில் 98 வாங்கிய பெண்ணிடம் இதைச் சொல்லும்போது, வேதியியல் வாத்தியாரானாலும் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் படித்த தகப்பனார்கள் இன்னும் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியலுக்கான அந்தத் தேர்வு 2007ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து இல்லை.

சிபிஎஸ்இ பிள்ளைகளை எப்படிச் சேர்த்து வரிசைப்படுத்துகிறார்கள்?

ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணும் மற்ற வாரியத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணும் சமம் என்று கொண்டு, அதே விகிதத்தில் மற்றவர்களின் மதிப்பெண் உயர்த்தப்படுகிறது. மாநில வாரியத்தில் இயற்பியலில் 100 எடுத்தவர் இருக்க, வேறொரு வாரியத்தில் உச்சமே 95 என்று வைத்துக்கொண்டால், அங்கே 76 வாங்கியவரின் மதிப்பெண் 80 ஆகக் கொள்ளப்படும். இரு வாரியங்களிலும் உச்சம் 100 என்றால் எந்த மாற்றமும் இல்லை.

ஒரே கட்-ஆஃப் உள்ளவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால்?

முதலில் கணித மதிப்பெண், அதன்பின் இயற்பியல், அதன்பின் நான்காவது பாடம் (உயிரியல், கணினி அறிவியல் போன்றது) என்று வரிசையாகப் பார்க்கப்படும். அவையும் சமமானால் மொத்த மதிப்பெண்களும், பிறகு வயதும் பார்க்கப்படும். வயதில் மூத்தவர் முன்னே வருவார். அப்போதும் சமன் நீங்காவிட்டால் விண்ணப்பத்துக்கென்று கணினி வழங்கிய ரேண்டம் எண் முடிவு செய்யும். பலர் அந்த எண் வெளியாகும் நாளில் அதையே தரவரிசை என்று எண்ணிக் கலங்கிப் போகிறார்கள். அது கடைசிப் படி. பெரும்பாலோருக்கு அதற்கு வேலையே வராது.

போன ஆண்டு அந்தக் கல்லூரியில் 171க்குக் கிடைத்தது. இந்த ஆண்டு 172 இருந்தும் ஏன் கிடைக்கவில்லை?

என்னிடம் மிகுந்த மனவருத்தத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். ‘போன ஆண்டு கட்-ஆஃப்’ என்று நாளிதழ்களும் யூடியூப் அண்ணன்மாரும் சொல்லும் எண்ணைக் கல்லூரி விதித்த தகுதி என்று பெற்றோர் கருதிவிடுகிறார்கள். அப்படி எந்தக் கல்லூரியும் 171 என்று கோடு போட்டு வைப்பதில்லை. சென்ற ஆண்டு அந்தத் துறையில், அந்த வகுப்பினருக்கான கடைசி இடத்தை எடுத்துக்கொண்டவரின் மதிப்பெண் 171 என்பதே அதன் பொருள். அவருக்கு மேலே இருந்தவர்களில் நால்வர் கடைசி நேரத்தில் கோயம்புத்தூருக்குப் போக முடிவு செய்ததால்கூட அந்த எண் கீழிறங்கியிருக்கலாம்.

அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கக் காரணங்கள் பல. கணித வினாத்தாள் எளிதாக அமைந்தால் ஒரே மதிப்பெண்ணில் நெருக்கிக்கொண்டு நிற்பவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒரு கல்லூரி கணினி அறிவியலில் இடங்களைக் கூட்டினால் அங்கே எண் இறங்குகிறது. எல்லோரும் கணினித் துறைகளை நோக்கி ஓடும் ஆண்டில், சிவில், மெக்கானிக்கல் துறைகளில் நல்ல அரசுக் கல்லூரியின் இடமே எதிர்பாராத மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிறது.

ஆகவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், தரவரிசையைத் தரவரிசையோடு ஒப்பிடுங்கள் என்பதே என் யோசனை. இந்த ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் உங்கள் பிள்ளை எத்தனையாவது இடத்தில் இருக்கிறார், சென்ற ஆண்டு அதே கல்லூரியின் அதே துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் எத்தனையாவது இடத்தில் இருந்தார் என்று பாருங்கள். பொதுத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை ஆகிய இரண்டையும் பாருங்கள். அதுவும் உத்தரவாதம் அல்ல. ஆயினும் வெறும் கட்-ஆஃபை வைத்துக் கணிப்பதைவிட எவ்வளவோ நெருங்கி வரும்.

பொதுப் பிரிவு இடங்கள் எங்களுக்கு இல்லைதானே?

இந்தத் தவறான எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என மொத்தம் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. மிச்சமுள்ள 31 விழுக்காடு எந்த ஒரு சாதியாருக்கும் சொந்தமானதன்று. அதில் யார் வேண்டுமானாலும் தம் மதிப்பெண்ணின் பலத்தால் இடம் பெறலாம். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவியின் தரவரிசை உயர்ந்திருந்தால், அவருக்கு முதலில் பொதுப் பிரிவு இடமே பார்க்கப்படும். அது தீர்ந்திருந்தால்தான் அவர் வகுப்புக்குரிய இடம் எடுக்கப்படும். அவர் பொதுப் பிரிவில் சேர்ந்ததால் அவர் வகுப்பின் இடம் ஒன்றுகூடக் குறைவதில்லை.

பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 விழுக்காடு நடுவண் அரசின் நிறுவனங்களில் உண்டு. மாநிலக் கலந்தாய்வில் இல்லை.

நாங்கள் ஏற்காட்டு மலையாளி இனத்தவர். 1 விழுக்காடு என்றால் எங்கள் பிள்ளைக்கு இடம் உறுதிதானா?

உறுதி என்று சொல்ல முடியாது. ஒரு துறையில் 60 இடங்கள் இருந்தால் அதில் 1 விழுக்காடு என்பது ஒரு முழு இடம்கூட ஆகாது. ஆகவே ஒவ்வொரு துறையிலும் பழங்குடியினருக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணிவிடாமல், கலந்தாய்வில் விரும்பும் கல்லூரிகளையும் துறைகளையும் வரிசையாகக் குறித்துத் தரும் விருப்பப் பட்டியலைப் பல கல்லூரிகளுக்கும் பல துறைகளுக்கும் விரித்துப் போடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மலைக் குடும்பங்கள் இடத்தை இழப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அன்று, இதனால்தான். பிற்படுத்தப்பட்டோருக்குரிய சாதிச் சான்றிதழைத் துணை வட்டாட்சியர் நிலையிலும், ஆதிதிராவிடர் சான்றிதழை வட்டாட்சியர் நிலையிலும் தந்துவிடுகிறார்கள். பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி, விசாரணைக்குப் பிறகே கோட்டாட்சியரை எட்டுகிறது. ‘மலையாளி’ என்பது மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த இனப்பெயர் என்பதை அறியாமல், கேரளத்துக்காரரா என்று கேட்ட கணினி இயக்குநரையும் நான் கண்டிருக்கிறேன்.

ஓர் ஆண்டு நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். காப்பிப் பழம் பறிக்கும் கூலி வேலை. அவர் மடியிலிருந்து எடுத்துத் தந்த காகிதம் எட்டாக மடிக்கப்பட்டு, மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. அவர் கணவருடைய பழைய சான்றிதழ் அது. மகளுக்கென்று தனிச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் பதிவேற்றக் கடைசி நாளுக்கு ஆறு நாள்களே இருந்தன. தகப்பனாரின் சான்றிதழ் இருந்ததால் விசாரணை சற்று எளிதானது என்றாலும் அந்த ஆறு நாளில் முடியவில்லை. அந்தப் பெண் தகுதியிருந்தும் தன் வகுப்புக்குரிய தரவரிசையில் இடம்பெறாமல், பொதுப் பிரிவில் மட்டுமே நிற்க நேர்ந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு யாருக்குப் பொருந்தும்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மருத்துவத்தில் இது 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி ஆகியவையும் இதில் அடங்கும். அவ்வாறே பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலைப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. ஆறாம் வகுப்பை மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு, மற்ற ஆறு ஆண்டுகளையும் அரசுப் பள்ளியில் கழித்தவருக்கும் கிடைக்காது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகையால் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிதான் கட்டுப்படியாகும் என்று சுருங்கிக்கொள்ளத் தேவையில்லை.

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் ‘முதல் பட்டதாரி’ என்றால் முன்னுரிமை உண்டா?

இடம் கிடைப்பதில் இல்லை. தரவரிசை அரை எண்கூட மாறாது. கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, அவ்வளவே. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

விருப்பப் பட்டியலில் எதை முதலில் போட வேண்டும்? கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடாதா?

போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கணினி என்ன செய்கிறது என்று பாருங்கள். கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தரவரிசையில் முதலில் நிற்பவரின் பட்டியலை எடுத்து, அவருடைய முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. இல்லையென்றால் அவருடைய இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று இறங்கிக்கொண்டே வருகிறது. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது முதல் பத்து விருப்பங்களும் நிரம்பியிருந்தால், பதினொன்றாவது அப்போதுதான் பார்க்கப்படும். அதற்குள் உங்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர் யாரும் அதை எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அவருடைய முறையே இன்னும் வரவில்லை. முதல் விருப்பமாகப் போட்டவருக்கே கல்லூரி கொடுக்கும் என்பதும் பொய். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது கல்லூரிக்குத் தெரியவே தெரியாது.

எனவே பட்டியலின் வரிசை கிடைக்குமா என்ற கணிப்பின் வரிசையாக இருக்கக் கூடாது. ஆசையின் வரிசையாகவே இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒருவர், மகனுக்காக ஒன்பதே விருப்பங்களைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வந்தார். “கெடைக்கிறத மொதல்ல போட்டுட்டேன் சார், அதுக்கப்பறம் புடிச்சது” என்றார். கிடைக்கக்கூடியது முதலில் இருந்தால் அதுதான் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய எட்டும் வெறும் மை. பையனை உட்காரவைத்து, அவன் விரும்பும் துறை எது, நாள்தோறும் வீட்டிலிருந்து போய்வர வேண்டுமா, விடுதி சரிப்படுமா என்று கேட்டுக் கேட்டு அந்தத் தாளை மறுபடி எழுத இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்பது அறுபத்து நான்கு ஆனது. அவனுக்குக் கிடைத்தது புதிய பட்டியலின் பதினேழாவது விருப்பம். பழைய தாளில் அந்தக் கல்லூரியின் பெயரே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சேரவே மனமில்லாத கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். பெயரை மட்டும் பார்த்து எழுதவும் எழுதாதீர்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால் குறியீட்டு எண்ணையும் ஊரையும் சரிபார்த்த பிறகே பட்டியலை உறுதி செய்யுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும், ஒப்புக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வாய்ப்புகள் உண்டு. காத்திருந்து மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் கைவிட்டுப் போகும். பதில் சொல்லாமல் கெடுவைத் தவறவிட்டவரின் இடமும் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை என்பதைக் கணினி காரணமாக ஏற்பதில்லை. அந்த இரண்டு மூன்று நாள்கள் அடிவாரத்துக்குக் கீழே உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது.

அரசு கலைக் கல்லூரியில் கட்-ஆஃப் எப்படி?

அங்கே கணக்கு வேறு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். ஏனைய படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை, அதாவது 400க்கு எவ்வளவு என்பது. முதலில் விளையாட்டு வீரர், மாற்றுத் திறனாளி, முன்னாள் படைவீரரின் பிள்ளை முதலிய சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு. அதன் பிறகு பொதுக் கலந்தாய்வு. அழைக்கப்பட்ட நாளில் அசல் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். நம் ஊரில் ஆண்டுதோறும் நிகழும் தவறு, சேலம் நகரக் கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு மேட்டூரையும் எடப்பாடியையும் விட்டுவிடுவது. பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிகளில் பட்டம் ஒன்றேதான். எந்த ஊரில் படித்தார் என்று அதில் தரம் பிரிப்பதில்லை.

மருத்துவத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண் பயன்படாதா?

தகுதிக்கு மட்டும். 2017 முதல் வரிசைப்படுத்துவது 720க்கான நீட் மதிப்பெண்தான். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, 85 விழுக்காடு மாநிலத்தில் நிரப்பப்படுகிறது. இரும்பாலை சாலையிலுள்ள நம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதே கணக்கு.

அமைச்சர் கடிதம், பெரிய மனிதர் சிபாரிசு உதவுமா?

கலந்தாய்வு இடத்துக்கு உதவாது.

கலந்தாய்வு எதற்கு, நேராகப் பணம் கட்டிச் சேர்ந்துவிடுங்கள் என்று கல்லூரிக்காரர்கள் போன் செய்கிறார்களே?

தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டை அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50. மிச்சம் நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் இடங்கள். மே மாதத்தில் வரும் அந்தப் போன் அழைப்புகள் இந்த இடங்களை விற்கத்தான். அதே கல்லூரியின் அதே துறை, இரண்டு மாதம் பொறுத்தால் கலந்தாய்வில் குறைந்த கட்டணத்துக்குக் கிடைக்கக்கூடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை, 7.5 விழுக்காட்டின் கட்டண உதவியும் இல்லை. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எனவே ரசீது தராமல் கேட்கப்படும் எந்தத் தொகையும் எதுவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் தங்கை மகனே இதில் மாட்டிக்கொண்டான். பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியில் ‘இடத்தைப் பிடித்து வைக்க’ என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு கலந்தாய்வில் அவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்தபோது, முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழைத் தருவோம் என்றார்கள். நானும் மைத்துனரும் நான்கு முறை அலைந்தோம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்ததை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்த பிறகே உறை வெளியே வந்தது. அசலைக் காட்டுங்கள், சரிபார்க்கக் கொடுங்கள், திரும்ப வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

எல்லாச் சுற்றும் முடிந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால்?

பொறியியலில் காலி இடங்களுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. ஜூன், ஜூலை துணைத் தேர்வில் தேறியவர்களும் அதில் சேரலாம். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய விண்ணப்பம் தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள். அருந்ததியர் இடங்களில் நிரம்பாதவை ஆதிதிராவிடருக்கு மாற்றப்படுவதும் இதன் பின்னரே. பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவர் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்த பிறகும் வராதவர்களின் இடங்கள் சில துறைகளில் மிஞ்சும். அந்த அறிவிப்பு கல்லூரிப் பலகையில் ஒட்டப்படும் நாளில் அங்கே நிற்பவருக்கு அது கிடைக்கிறது. மலையிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தில் இறங்கினால் நேரத்துக்கு வந்துவிடலாம்.